பிளக் பாயிண்ட் வேலை செய்யவில்லையா? கழற்றுவதற்கு முன் கரண்ட் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

மிக்ஸியை மாட்டினால் ஓடவில்லை, சார்ஜரைச் சொருகினால் போன் ஏறவில்லை. உடனே நிறைய பேர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு போர்டைக் கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிளக் பாயிண்டில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றை எதையும் கழற்றாமலே கண்டுபிடித்துவிடலாம். நீங்கள் தேட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தெருக் கம்பத்தில் இருந்து உங்கள் மிக்ஸி வரைக்கும் வரும் கரண்ட் எந்த இடத்தில் நின்றுபோகிறது? அந்த இடம் பிடிபட்டுவிட்டால் நீங்களே சரிசெய்யலாமா, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டுமா, ஈபிக்குப் போன் போட வேண்டுமா என்பது தெளிவாகிவிடும்.

இதுவரை போர்டுப் பக்கமே போகாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தனியாக வீடு எடுத்துத் தங்க ஆரம்பித்தவர்கள், புதிதாகக் குடும்பம் வைத்தவர்கள், பழைய வாடகை வீட்டுக்கு மாறிப் போனவர்கள் என்று எல்லோருக்கும் பொருந்தும். சொல்வது எல்லாம் தமிழ்நாட்டு வீட்டு ஒயரிங்கை மனதில் வைத்துத்தான்.

முதலில், கையே வைக்கக் கூடாத நேரங்கள்

பாயிண்டில் இருந்து பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது, உள்ளே சிர்ரென்று சத்தம் கேட்கிறது, சாக்கெட்டின் முகம் பழுப்பாகி உருகியிருக்கிறது, சுவர் ஈரமாக இருக்கிறது, போர்டைத் தொட்டாலே சுர்ரென்று இழுக்கிறது. இதில் எது இருந்தாலும் டெஸ்டர் எல்லாம் எடுக்க வேண்டாம், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்தப் பாயிண்டின் சுவிட்சைக்கூடப் போய்த் தட்ட வேண்டாம், மெயினையே இறக்குங்கள். தீப்பொறி பெரிதாகி எரிய ஆரம்பித்துவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இன்னொன்றையும் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மெயினை அணைத்த அடுத்த நொடி இன்வெர்ட்டர் தானாக எழுந்து அதன் லைனில் இருக்கும் பாயிண்டுகளுக்குக் கரண்ட் கொடுக்கும். அதுவும் அதே 230 வோல்ட்தான், அடித்தால் அதேபோலத்தான் அடிக்கும். "மெயின் ஆஃப் பண்ணியாச்சு" என்ற நம்பிக்கையில் கையை வைப்பது இங்கேதான் ஆளைக் கொல்கிறது. மெயினையும் அணைக்க வேண்டும், இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும். முன்பக்கப் பட்டனை மட்டும் அமுக்கினால் சில மாடல்களில் ஈபி கரண்ட் உள்ளே புகுந்து அப்படியே வெளியே போய்க்கொண்டிருக்கும் என்பதால், அதற்குக் கரண்ட் கொடுக்கும் பிளக்கையும் பிடுங்கிவிடுவது நல்லது.

சாக்கெட்டில் எது எது

சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால் மேலே இருக்கும் பெரிய ஓட்டை எர்த். கீழே வலது கைப்பக்கம் பேஸ், இடது கைப்பக்கம் நியூட்ரல். கரண்ட் பேஸ் வழியாக வந்து, சாமானுக்குள் வேலை செய்துவிட்டு, நியூட்ரல் வழியாகத் திரும்பிப் போகிறது. இரண்டில் எது அறுந்தாலும் சாமான் ஓடாது. இந்த நியூட்ரலை யாரும் கண்டுகொள்வதில்லை, பல சிக்கலுக்கு அதுதான் காரணமாக இருக்கும், பின்னால் வருகிறேன். சுவிட்ச் எப்போதும் பேஸில்தான் இருக்க வேண்டும்.

சின்ன சாக்கெட் 6 ஆம்பியர், பெரிய சாக்கெட் 16 ஆம்பியர். கடையில் பெரியவர்கள் இன்னும் 5 ஆம்ப்ஸ், 15 ஆம்ப்ஸ் என்றுதான் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான். 6 ஆம்பியரை 230 வோல்டால் பெருக்கினால் 1380 வாட். அதற்கு மேல் இழுக்கும் எதையும் சின்ன சாக்கெட்டில் மாட்டக் கூடாது. 2000 வாட் கீசர் சுமார் 8.7 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் என்றால் 13 ஆம்பியர். அயர்ன் பாக்ஸ் 1000 வாட் என்றால் 4 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல், அது சின்ன சாக்கெட்டில் தாங்கும். இண்டக்‌ஷன் அடுப்பு 2000 வாட் என்று போட்டிருந்தால் தாங்காது. பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் மாட்டுவதற்கு ஒரு கன்வெர்ட்டர் எல்லாக் கடையிலும் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள், ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

சாமானா, பாயிண்டா?

முதல் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். ஓடாத சாமானை வேறு ரூமில் நன்றாக வேலை செய்யும் பாயிண்டில் மாட்டிப் பாருங்கள். அங்கேயும் ஓடவில்லை என்றால் பாயிண்ட் மேல் குற்றம் இல்லை. அப்போது அந்தச் சாமானின் பிளக் டாப்பைப் பாருங்கள், பின்கள் கருத்திருக்கிறதா, ஒயர் டாப்புக்குள் நுழையும் இடத்தில் மடங்கி மடங்கி அறுந்திருக்கிறதா என்று. மிக்ஸியாக இருந்தால் அடியில் ஒரு சின்னச் சிவப்புப் பட்டன் இருக்கும், லோடு அதிகமாகிவிட்டால் அது வெளியே தள்ளிக்கொள்ளும், பிளக்கைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் ஆறவிட்டு அமுக்கினால் மறுபடி ஓடும். இதுகூடத் தெரியாமல் சாக்கெட்டை மாற்றியவர்கள் உண்டு.

மறுபக்கம், சந்தேகப்படும் பாயிண்டில் நன்றாக இருக்கும் இன்னொரு சாமானை மாட்டிப் பாருங்கள். போன் சார்ஜரை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். சார்ஜர் 100 வோல்ட் வந்தாலும் வேலை செய்யும்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது, இழுக்கும் கரண்டும் ரொம்பக் கம்மி. அதனால் உள்ளே ஒயர் நுனியில் தொட்டும் தொடாமலும் இருந்தால்கூடச் சார்ஜர் ஏறும், "பாயிண்ட் நல்லாத்தானே இருக்கு" என்று தோன்றும், அயர்ன் பாக்ஸை மாட்டினால் சூடே ஏறாது. நல்ல சோதனை என்பது பழைய மஞ்சள் குண்டு பல்பு போட்ட டேபிள் லேம்ப்தான். வோல்டேஜ் கம்மி என்றால் மங்கும், லூஸ் கான்டாக்ட் என்றால் துடிக்கும். எல்இடி பல்பில் இது அவ்வளவாகத் தெரியாது.

எவ்வளவு இடத்தில் போயிருக்கிறது?

அடுத்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து ஒவ்வொரு பாயிண்டும் லைட்டும் எரிகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு நடையிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

ஒரே ஒரு பாயிண்ட் மட்டும் போயிருந்தால் அந்தச் சாக்கெட், அதன் சுவிட்ச், இரண்டுக்கும் இடையிலான ஒயர், இவ்வளவுதான். போர்டில் சின்னச் சிவப்பு இண்டிகேட்டர் இருந்து அது எரிந்துகொண்டிருந்தால் இன்னும் சுலபம், போர்டு வரைக்கும் பேஸும் நியூட்ரலும் வந்துவிட்டன என்று அர்த்தம், கோளாறு சுவிட்சிலோ சாக்கெட்டிலோதான். சுவிட்சைப் போடும்போது எப்போதும் போல டக்கென்று விழாமல் கொழகொழவென்று இருந்தால் முதல் சந்தேகம் சுவிட்ச் மேல்.

ஒரே போர்டில் பாதி வேலை செய்து பாதி செய்யவில்லை என்றால் அது லூப் கோளாறு. போர்டுக்குள் பேஸ் ஒயர் ஒரு சுவிட்சில் இருந்து அடுத்த சுவிட்சுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று தாவித் தாவிப் போகும். நடுவில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் அதற்கு அப்புறம் உள்ளது எல்லாம் செத்துவிடும்.

ஒரு ரூம் முழுக்கப் போயிருந்தால் எம்சிபியை, அதாவது மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும், கோளாறு வந்தால் தானாக விழும் சின்ன சுவிட்சைப் பாருங்கள். மூன்று பேஸ் இணைப்பு இருக்கும் வீட்டில் சில ரூம்கள் மட்டும் மொத்தமாகப் போயிருந்தால் ஈபியில் ஒரு பேஸ் போயிருக்கலாம். மீட்டர் பக்கத்தில் இருக்கும் மூன்று இண்டிகேட்டர் விளக்குகளில் எது எரியவில்லை என்று பார்த்தால் தெரிந்துவிடும். வீடு முழுக்கப் போய், பக்கத்து வீட்டில் மட்டும் லைட் எரிந்தால் மெயினோ, மீட்டர் போர்டில் இருக்கும் பியூஸ் கட்டையோ, சர்வீஸ் ஒயரோ. மீட்டருக்கு முன்னால் உள்ளதும் சீல் வைத்த பெட்டியும் ஈபியின் வேலை, நாம் தொடக் கூடாது. ஈபியின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் செய்து சொல்லலாம், எண் 94987 94987, எந்த நேரமும் எடுப்பார்கள். கூப்பிடும்போது பில்லில் இருக்கும் சர்வீஸ் நம்பரைக் கையில் வைத்திருங்கள்.

லைட் சில இடத்தில் வழக்கத்தைவிடப் பளீரென்று எரிந்து, வேறு சில இடத்தில் மங்கிக்கொண்டே போனால் அது சாதாரணக் கோளாறு இல்லை. மூன்று பேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் அறுந்துவிட்டால் இப்படித்தான் ஆகும், 230 வர வேண்டிய பாயிண்டுக்கு 400 வோல்ட் வரைக்கும்கூட ஏறிவிடும், டிவியும் பிரிட்ஜும் சில நொடியில் போய்விடும். எதையும் யோசிக்காமல் மெயினை இறக்கிவிட்டு, அப்புறம் ஈபிக்குப் போன் போடுங்கள்.

எம்சிபி விழுந்திருந்தால், இஎல்சிபி விழுந்திருந்தால்

இரண்டும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், ஆனால் விழும் காரணம் வேறு. எம்சிபி விழுவது லோடு அதிகமானால், அல்லது பேஸும் நியூட்ரலும் எங்கோ ஒட்டி ஷார்ட் ஆனால். இஎல்சிபி என்று நாம் சொல்வது, அதாவது பெட்டியின் மேல் ஆர்சிசிபி என்று எழுதி டெஸ்ட் என்ற பட்டனோடு இருப்பது, கரண்ட் எங்கேயோ எர்த்துக்கோ மனித உடம்புக்கோ கசிந்தால் விழும். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் அளவு. அந்த டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். அமுக்கியும் விழவில்லை என்றால் அது வெறும் பிளாஸ்டிக் டப்பா, உடனே மாற்றுங்கள்.

எம்சிபி டிரிப் ஆனால் சிலவற்றில் நாப் முழுசாகக் கீழே வராது, நடுவில் நிற்கும். அதை முதலில் முழுக்கக் கீழே தள்ளிவிட்டுத்தான் மேலே தூக்க வேண்டும். தூக்குவதற்கு முன் அந்த லைனில் இருக்கும் எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். இப்போது தூக்கினால் நின்றுவிட்டது என்றால் சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள், எதை மாட்டியதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் பிடுங்கிய பிறகும் தூக்கியதும் டப்பென்று விழுந்தால் சுவருக்குள் ஷார்ட். திரும்பத் திரும்பத் தூக்கிப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் நெருப்புப் பொறி பறக்கிறது. கையால் பிடித்துக்கொண்டோ, "இது அடிக்கடி விழுது, பெருசாப் போடுப்பா" என்று 16 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 32 போட்டோ ஓட்டுவது இன்னும் மோசம். எம்சிபி சுவருக்குள் இருக்கும் ஒயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது, ஒயர் அதே பழைய ஒயராக இருக்கும்போது எம்சிபியைப் பெரிதாக்கினால் இனிமேல் விழப்போவதில்லை, ஒயர்தான் எரியும்.

இஎல்சிபிக்கும் இதே முறைதான். எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, எல்லா எம்சிபியையும் இறக்கி, இஎல்சிபியைத் தூக்கி, எம்சிபிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, பிறகு சாமான்களை ஒவ்வொன்றாக மாட்டுவது. பெரும்பாலும் கீசர், தண்ணீர் மோட்டார், வாஷிங் மெஷின், பழைய பிரிட்ஜ் இவற்றில் ஒன்றாக இருக்கும். மழைக்காலத்தில் மட்டும் விழுகிறது என்றால் வெளிச் சுவரில் உள்ள பாயிண்ட், மொட்டை மாடி லைட், கேட் லைட், ஓதம் ஏறிய சுவர், இவற்றை முதலில் சந்தேகியுங்கள். ஒரு விஷயம் புதியவர்களைக் குழப்பும். எம்சிபியை எல்லாம் இறக்கிய பிறகும்கூட, அல்லது சம்பந்தமே இல்லாத ரூமில் ஏதாவது போட்டதும் இஎல்சிபி விழலாம். சாதாரண எம்சிபி பேஸை மட்டும்தான் வெட்டுகிறது, நியூட்ரல் அப்படியே தொடுத்திருக்கும், எங்கோ ஒரு போர்டில் நியூட்ரல் ஒயர் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் இப்படி ஆகும். அதைத் தேடுவது எலக்ட்ரீஷியன் வேலை. "தொல்லையாக இருக்கிறது" என்று இஎல்சிபியை எடுத்துவிட்டு நேராக ஒயரை இணைத்துக் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

டெஸ்டர் சொல்வதும் சொல்லாததும்

ஸ்க்ரூ டிரைவர் மாதிரி இருக்கும் நியான் டெஸ்டர் வீட்டில் ஒன்று இருக்கட்டும். முனையை ஓட்டையில் வைத்து, தலையில் இருக்கும் உலோகத்தை விரலால் தொட வேண்டும், நடுவில் இருக்கும் கம்பியில் கை படக் கூடாது. உள்ளே பெரிய ரெசிஸ்டர் இருப்பதால் உடம்பு வழியாகப் போகும் கரண்ட் உணர முடியாத அளவு சிறியது. பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் ஏறி நின்றோ, ரப்பர் செருப்போடோ பார்த்தால் மங்கலாக எரியும், பகல் வெளிச்சத்தில் எரிவதே தெரியாமலும் போகும். அதனால் டெஸ்டர் எரியவில்லை என்பதை வைத்துக் கரண்ட் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். எப்போதும் முதலில் கரண்ட் இருப்பது உறுதியாகத் தெரிந்த ஒரு பாயிண்டில் வைத்து டெஸ்டர் எரிகிறதா என்று பாருங்கள், பிறகு சந்தேகப் பாயிண்டில், பிறகு மறுபடியும் அந்த நல்ல பாயிண்டில். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு சோதனை.

சுவிட்சைப் போட்டு வலது ஓட்டையில் வையுங்கள். எரியவில்லை என்றால் பேஸ் வரவில்லை. எரிந்தும் சாமான் ஓடவில்லை என்றால் நியூட்ரல் கட் ஆகியிருக்கலாம். இதை உறுதி செய்ய ஒரு வழி இருக்கிறது. அதே லைனில் ஏதாவது ஒரு சாமான் மாட்டி சுவிட்ச் போட்டிருக்கும்போது இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிந்தால், நியூட்ரல் எங்கோ அறுந்திருக்கிறது. பேஸ் அந்தச் சாமானுக்குள் புகுந்து, திரும்பிப் போக வழி இல்லாமல் நியூட்ரல் ஒயரில் வந்து நிற்கிறது. எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிட்டால் இடது ஓட்டையில் எரிவது நின்றுவிடும். இரண்டு ஓட்டையிலும் எரிவதைப் பார்த்துவிட்டு "டபுள் கரண்ட் வருது" என்று பயப்படுகிறவர்கள் நிறைய, அப்படி ஒன்று இல்லை, ஆனால் நியூட்ரல் அறுந்த லைனில் நியூட்ரலைத் தொட்டாலும் ஷாக் அடிக்கும் என்பது உண்மை.

எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, சுவிட்சை அணைத்த பிறகும் டெஸ்டர் இடது ஓட்டையில் நன்றாக எரிந்தால், பேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கலாம். அப்படி மாறியிருந்தால் அந்தப் பாயிண்டில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் சாமானுக்குள் கரண்ட் இருக்கும். பாயிண்ட் "வேலை செய்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள், சரிசெய்ய வேண்டிய கோளாறுதான்.

இப்போது வரும் சாக்கெட்டுகளில் குழந்தைகள் எதையும் சொருகாமல் இருக்க உள்ளே ஷட்டர் இருக்கும், எர்த் பின் உள்ளே போனால்தான் கீழ் ஓட்டைகள் திறக்கும். டெஸ்டர் உள்ளே போகவில்லை என்று கத்தரிக்கோல், ஊக்கு என்று எதையும் எர்த் ஓட்டையில் நுழைக்காதீர்கள். மூன்று பின்னோடு நேராகச் சாக்கெட்டில் மாட்டுகிற, மூன்று சின்ன விளக்கு இருக்கும் சாக்கெட் டெஸ்டர் கிடைக்கிறது. விலை அதிகம் இல்லை. பேஸ் இல்லை, நியூட்ரல் இல்லை, எர்த் இல்லை, இடம் மாறியிருக்கிறது என்று விளக்குகள் எரியும் விதத்திலேயே தெரிந்துவிடும். புதியவர்களுக்கு நியான் டெஸ்டரைவிட இதுதான் நல்லது என்பேன். மல்டிமீட்டர் வைத்திருந்தால் ஏசி வோல்ட் அளவில் 600 அல்லது 750இல் வைத்துப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் சுமார் 230, பேஸுக்கும் எர்த்துக்கும் இடையிலும் ஏறக்குறைய அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் சில வோல்ட் மட்டும் வருகிறதா என்று பாருங்கள். சிவப்பு ஒயர் ஆம்பியர் ஓட்டையில் இருக்கும்போது சாக்கெட்டில் வைத்தால் மீட்டரே வெடிக்கும், ஒவ்வொரு தடவையும் வைப்பதற்கு முன் பாருங்கள்.

சூடாகும் பாயிண்ட்

எல்லாக் கோளாறிலும் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். செத்துப்போன பாயிண்ட் உடனே கண்ணில் பட்டுவிடும். வேலை செய்துகொண்டே சூடாகும் பாயிண்ட் வீட்டை எரிக்கும், அதுவும் எம்சிபி விழாமலே எரிக்கும். ஏனென்றால் தளர்ந்த ஸ்க்ரூவில் போகும் கரண்ட் வழக்கமான அளவுதான், எம்சிபிக்கு அதில் எந்தத் தப்பும் தெரியாது. இஎல்சிபிக்கும் தெரியாது, கசிவு இல்லையே. ஒயர் நுனி சரியாகத் தொடாத அந்த ஒரு புள்ளியில் மட்டும் வெப்பம் ஏறிக்கொண்டே போகும், வெப்பத்தில் ஸ்க்ரூ இன்னும் தளரும், உள்ளே இருக்கும் பித்தளைத் தகடு விறைப்பு இழந்து பின்னைப் பிடிக்காமல் போகும், அதனால் இன்னும் சூடாகும்.

கண்டுபிடிக்கக் கையே போதும். கீசரோ இண்டக்‌ஷன் அடுப்போ அரை மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பிளக்கின் பிளாஸ்டிக் உடம்பையும் சாக்கெட்டின் முகத்தையும் தொட்டுப் பாருங்கள், பின்னைத் தொட வேண்டாம். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அன்றைக்கே அந்தப் பாயிண்டை நிறுத்திவிடுங்கள். பின் கருத்திருந்தால் சாக்கெட்டை மட்டும் மாற்றினால் போதாது, பிளக் டாப்பையும் மாற்ற வேண்டும், கருத்த பின் புதுச் சாக்கெட்டையும் கெடுத்துவிடும்.

பிளக் தானாகச் சரிந்து விழுகிறது, கையால் தூக்கிப் பிடித்தால்தான் ஓடுகிறது என்றால் அது சாக்கெட்டின் ஆயுள் முடிந்ததன் அடையாளம். பின் நடுவில் கத்தியை விட்டுப் பிளந்து இறுக்குவது, பேப்பர் மடித்துச் சொருகுவது எல்லாம் வேண்டாம். சில சார்ஜர்களில் வரும் மெல்லிய இரண்டு பின் 4 மில்லிமீட்டர்தான், நம் 6 ஆம்பியர் பின் 5.1 மில்லிமீட்டர், அதனால் அது நல்ல சாக்கெட்டிலும் கொஞ்சம் ஆடத்தான் செய்யும். அதைச் சாக்கெட் கோளாறு என்று நினைக்க வேண்டாம், அதே நேரம் அந்த மெல்லிய பின்னில் பெரிய லோடு எதையும் ஓட்டவும் வேண்டாம்.

1980களுக்கு முந்தைய வீடுகளில் அலுமினிய ஒயர் இருக்க வாய்ப்பு உண்டு, சுவரில் அடித்த மரச் சட்டத்துக்குள் ஓடும் ஒயரிங் என்றால் ரொம்பவே கவனம் தேவை. அலுமினியம் மெத்தென்ற உலோகம், ஸ்க்ரூ அழுத்தத்தில் நசுங்கிக் காலப்போக்கில் தளரும், மேலே படியும் ஆக்சைடு கரண்டைக் கடத்தாது, செம்பு ஒயரோடு நேராக முறுக்கினால் அந்த இணைப்பு சீக்கிரம் கெடும். அப்படிப்பட்ட வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு, கீசர் எல்லாம் வாங்குவதற்கு முன் அவற்றுக்கு மட்டுமாவது புது செம்பு லைன் இழுத்துவிடுங்கள்.

பிரிட்ஜைத் தொட்டால் லேசாக அடிக்கிறதா?

இது எர்த் சரியில்லை என்பதன் அறிகுறி. பாயிண்டில் எர்த் ஒயரே இணைக்காமல் விட்டிருப்பார்கள், அல்லது எர்த் குழியில் பைப் துருப்பிடித்திருக்கும், கோடையில் மண் காய்ந்திருக்கும். எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம், அதில் சரியானால் குழியைப் பார்க்கச் சொல்லி ஆளைக் கூப்பிடுங்கள். எர்த் இல்லை என்பதற்காக எர்த் முனையை நியூட்ரலோடு இணைத்துவிடுவது ஒரு பழைய குறுக்கு வழி. நியூட்ரல் என்றாவது அறுந்தால் அந்த நிமிடமே பிரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். மூன்று பின் டாப்பில் எர்த் பின்னை உடைத்துவிட்டு மாட்டுவதும் அப்படித்தான்.

சாக்கெட்டை நீங்களே மாற்றுவதென்றால்

சாக்கெட் தேய்ந்திருக்கிறது, ஒயர் நன்றாக இருக்கிறது, எங்கும் கருகவில்லை, சுவர் உலர்ந்திருக்கிறது, வீட்டில் இன்னொருவர் கூட இருக்கிறார். இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் செய்யலாம். ஏதாவது ஒன்றில் தயக்கம் இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள, அதே ஆம்பியர், அதே கம்பெனி சாக்கெட்டாக வாங்குங்கள், மாடுலர் போர்டில் கம்பெனி மாறினால் பெரும்பாலும் உட்காராது.

மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள், மெயின் பக்கத்தில் "யாரும் போட வேண்டாம்" என்று ஒரு தாள் ஒட்டி, கூட இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள். மெயினை அணைப்பதற்கு முன்பே டெஸ்டரை நல்ல பாயிண்டில் சோதித்திருக்க வேண்டும். மாடுலர் போர்டு என்றால் மேல் பிளேட்டைத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் வந்துவிடும், உள்ளே பிரேம் ஸ்க்ரூக்கள். பழைய சன்மைக்கா போர்டு என்றால் நான்கு மூலை ஸ்க்ரூக்கள், மெதுவாக முன்னால் சாயுங்கள், எறும்புக் கூடும் செத்த பல்லியும் உள்ளே இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். வெளியே தெரியும் ஒவ்வொரு ஸ்க்ரூ முனையிலும், சுவிட்ச் முனைகளிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம், ஆனால் முன்னால் வேலை பார்த்தவர் கையில் கிடைத்த நிறத்தை இழுத்திருக்கலாம், அதனால் நிறத்தை நம்பாமல் எது எந்த முனையில் இருந்தது என்பதை நம்புங்கள். ஒரே முனையில் இரண்டு ஒயர் இருந்தால் அது லூப், இரண்டையும் சேர்த்தே புது முனையில் வைக்க வேண்டும், ஒன்றை விட்டுவிட்டால் அடுத்த பாயிண்ட் போய்விடும். ஒயர் நுனி கருத்தோ முறுமுறுப்பாகவோ இருந்தால் பளபளப்பான செம்பு வரும் வரை வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். இழைகளை இறுக்கமாக முறுக்கி, ஒருமுறை மடித்து, முனைக்குள் விட்டு ஸ்க்ரூவை நன்றாக இறுக்குங்கள். ஸ்க்ரூ செம்பைக் கடிக்க வேண்டும், மேலுறையைக் கடித்தால் அடுத்த மாதமே லூஸ் கான்டாக்ட். ஒரு இழைகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இறுக்கிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் கையால் இழுத்துப் பாருங்கள், வந்துவிட்டால் மறுபடி செய்யுங்கள்.

மூடிவிட்டு மெயினைப் போட்டு, சுவிட்ச் ஆஃபில் ஒருமுறை, ஆனில் ஒருமுறை டெஸ்டரால் பாருங்கள். குண்டு பல்பை மாட்டுங்கள். அப்புறம் அந்தப் பாயிண்டில் வழக்கமாக ஓடும் சாமானை அரை மணி நேரம் ஓட்டி, முன்பு சொன்ன மாதிரி தொட்டுப் பாருங்கள்.

ஆளைக் கூப்பிடும்போது

"கரண்ட் வரலை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தெந்தப் பாயிண்ட் போயிருக்கிறது, எம்சிபி விழுந்ததா இஎல்சிபி விழுந்ததா, எதை மாட்டியபோது, டெஸ்டர் எந்த ஓட்டையில் எரிந்தது என்று சொன்னால் அவருக்கு வேலை பாதியாகும், தேவையில்லாமல் பத்து இடத்தில் சுவரைக் குடைய மாட்டார். மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் கம்பியாள் தகுதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். ஆள் வந்திருக்கும்போதே மெயின் பெட்டிக்குள் நியூட்ரல் லிங்க், அதாவது நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் வந்து சேரும் பட்டையின் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு எம்சிபிக்குக் கீழேயும் அது எந்த ரூமுக்குப் போகிறது என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். கீசர் பாயிண்டில் என்ன ஒயர் ஓடுகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள், 4 ஸ்கொயர் (அதாவது 4 சதுர மில்லிமீட்டர் கம்பி) இருந்தால் நிம்மதி, ஒன்றரை ஸ்கொயர்தான் இருக்கிறது என்றால் அதை மாற்றி முடிக்கும் வரை கீசரைப் போடாதீர்கள்.